மயோனைஸ் இருந்த இடத்தில் தயிர்

பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. சால்மோனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா என்று கிருமிகளின் பெயர்களையே அறிவிக்கை எடுத்துச் சொன்னது. கேரளம் 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024இலும் இதே முடிவுக்கு வந்திருந்தன. முடிவு சரியானது. பொழுது சாய்ந்தால் திருப்பத்தூர், காரைக்குடி, புதுக்கோட்டை என்று எந்த ஊர்க் கடைத்தெருவிலும் கம்பியில் சுழலும் ஷவர்மாக் கோழிக்கு முன்னால் கூட்டம் நிற்கிறது. கூட்டத்தில் பள்ளிச் சீருடைகளும் தெரிகின்றன.

ஆனால் தடை வந்ததால் நாக்கின் பழக்கம் மாறிவிடவில்லை. காரசாரமாக வாட்டிய கறிக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக, வெள்ளையாக, பூண்டு மணக்கும் ஏதோ ஒன்று வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். கடைக்காரர் முட்டையில்லா மயோனைஸுக்கு மாறிக்கொண்டார். அந்த டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் முதல் இடத்தில் எண்ணெய் இருக்கும். பிறகு தண்ணீர், சர்க்கரை, மாவுப்பொருள், கெட்டியாக்கும் பசை, கெடாமல் காக்கும் வேதிப்பொருள் என்று பட்டியல் நீளும். கிருமிப் பயம் குறைந்தது உண்மை. பிள்ளைகளின் வயிற்றுக்குள் போவது எண்ணெய்தான் என்பதும் உண்மை.

அந்த இடத்துக்கு வரவேண்டியது தயிர். வந்து சேரும் வழியைக் கிரேக்கர்கள் காட்டியிருக்கிறார்கள்.

ஷவர்மாவும் கிரேக்கத்தின் கீரோவும் ஒரே குடும்பம். செங்குத்துக் கம்பியில் இறைச்சியை அடுக்கிச் சுழலவிட்டு, வெந்த பக்கத்தைச் சீவி எடுக்கும் துருக்கி டோனர் கபாபிலிருந்து கிளைத்தவை இரண்டும். லெபனான் பக்கம் போன கிளை, பூண்டையும் எண்ணெயையும் அடித்துச் செய்யும் ‘தூம்’ என்ற வெள்ளைக் கலவையைச் சேர்த்துக்கொண்டது. அதில் முட்டை கிடையாது. கிரேக்கத்துக்குப் போன கிளை ‘ட்ஸாட்ஸிகி’யைச் சேர்த்துக்கொண்டது. நீர் வடித்த கெட்டித் தயிர், துருவிப் பிழிந்த வெள்ளரிக்காய், நசுக்கிய பச்சைப் பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, உப்பு. சில வீடுகளில் சதகுப்பை இலை, சில வீடுகளில் புதினா. அடுப்பில் ஏற்றும் வேலையே இல்லை.

தமிழ் வாசகர் உடனே சொல்லக்கூடியது: இது நம் வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடிதானே? கிட்டத்தட்ட அதுதான். ஈரானில் ‘மாஸ்த்-ஓ-கியார்’, துருக்கியில் ‘ஜாஜிக்’, வடஇந்தியாவில் ராய்த்தா என்று தயிரும் வெள்ளரியும் சேர்ந்த பண்டம் மேற்காசியா தொடங்கி நம் இலை வரைக்கும் வரிசையாக இருக்கிறது. வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. நம் பச்சடி இலையில் ஓடும், சோற்றில் கலக்கும். அதற்காகவே அப்படிச் செய்யப்படுவது. கிரேக்கப் பண்டம் கரண்டியில் நிற்கும், ரொட்டியில் ஒட்டும், கறித்துண்டை அதில் தொட்டு எடுக்கலாம். மயோனைஸின் வேலையை அதனால் செய்ய முடிவது இந்தக் கெட்டித்தன்மையால்தான்.

திருப்பத்தூரிலிருந்து திருமயம் போகும் சாலையில் இருக்கும் கீழச்சிவல்பட்டியின் அடுப்படிகளில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பதே தேவையில்லை. நகரத்தார் ஊர்களின் சமையலில் காரத்துக்கு எதிரே பாலும் தயிரும் எப்போதும் இருந்திருக்கின்றன. மிளகும் வரமிளகாயும் தூக்கலான கோழி வறுவலுக்கும் உப்புக்கண்டத்துக்கும் பக்கத்தில் தயிர்ப்பச்சடி வைப்பது ருசிக்காக மட்டும் அல்ல. மிளகாயின் எரிச்சலைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலிலும் தயிரிலும் உள்ள கேசீன் என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு நாக்கிலிருந்து விலக்குகிறது. பந்தி பரிமாறிப் பழகிய கைகளுக்கு இது விஞ்ஞானம் பிறப்பதற்கு முன்பே தெரியும்.

வெளியூர்ப் பொருளைக் கண்டு ஒதுங்கும் பழக்கமும் செட்டிநாட்டுக்குக் கிடையாது. தூண்களுக்கு பர்மாத் தேக்கு வந்தது. தரைக்கு இத்தாலியப் பளிங்கு வந்தது. பெண்ணின் சீரில் ஐரோப்பிய எனாமல் பாத்திரங்கள் வரிசை கட்டின. கவுனி அரிசி பர்மாத் தொடர்பில் வந்து, இன்று கல்யாண விருந்தில் அது இல்லாவிட்டால் குறையாகப் பேசும் அளவுக்கு ஊர்ச் சொத்தாகிவிட்டது. இந்த வீடுகளும் ஊர்களும் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. நீர் வடித்த கிரேக்கத் தயிர் இந்த வாசலுக்கு அந்நியமாகத் தோன்ற நியாயம் இல்லை. கடைக் கோப்பையாக வராமல் செய்முறையாக வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

கோப்பையின் கதையையும் பார்த்துவிடலாம். ஏதென்ஸில் 1926இல் ஒரு பால்கடையாகத் தொடங்கிய குடும்ப நிறுவனம் ‘ஃபாயே’. வடித்த தயிரை வெளிநாடுகளில் பிரபலமாக்கியது அது. அமெரிக்காவில் துருக்கியிலிருந்து குடியேறிய ஹம்தி உலுகாயா, நியூயார்க் மாநிலத்தில் மூடப்பட்ட பழைய தயிர் ஆலை ஒன்றை 2005இல் வாங்கி, 2007இல் ‘சோபானி’யைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் அமெரிக்கத் தயிர்ச் சந்தையே தலைகீழானது. இரு நிறுவனங்களும் இங்கிலாந்து நீதிமன்றத்தில் மோதின. அமெரிக்காவில் தயாரான தயிரைக் ‘கிரேக்கத் தயிர்’ என்று அங்கே விற்கக் கூடாது என 2013இல் தீர்ப்பானது. 2014இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. இந்தியாவில் அப்படிக் கட்டுப்பாடு இல்லை. எபிகேமியா 2015இல் வந்தது. பெருந்துறை மில்கி மிஸ்ட் உட்படப் பலர் இன்று ‘கிரீக் யோகர்ட்’ விற்கிறார்கள். பொருளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சிறு கோப்பையின் விலைக்கு அரை லிட்டர் கெட்டிப்பால் வாங்கி, அதைவிடக் கூடுதலான தயிரை வீட்டிலேயே வடித்துவிடலாம். வாங்கும் வசதி உள்ளவர் வாங்கட்டும். இல்லாதவர், இது பணக்காரர் பண்டம் என்று நினைத்து ஒதுங்க வேண்டியதில்லை.

செய்முறை இதுதான். ஒரு லிட்டர் கொழுப்பு நிறைந்த பால் வேண்டும். ஆவினில் என்றால் ஆரஞ்சு நிற பாக்கெட். அதில் கொழுப்பு 6 சதவீதம். எருமைப்பால் கிடைத்தால் இன்னும் நல்லது. பாலைப் பொங்கவிட்டு இறக்கிவிடாமல் குறைந்த தீயில் பத்து நிமிடம் காய்ச்ச வேண்டும். பாலில் உள்ள மோர்ப்புரதங்கள் சூட்டில் பிரிந்து கேசீனோடு சேர்ந்துகொள்வதால் தயிர் இறுக்கமாக உறைகிறது. விரல் தாங்கும் சூட்டுக்கு, அதாவது 43 டிகிரி அளவுக்கு ஆறியதும், ஒரு கரண்டி தயிரை உறை ஊற்ற வேண்டும். மார்கழியில் எட்டு மணி நேரத்துக்கு மேலேயே ஆகலாம். சித்திரை வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். அதற்கு மேல் வெளியில் விட்டால் புளிக்கும். கிரேக்கத் தயிருக்குப் புளிப்பு அதிகம் ஆகாது. உறைந்த உடனே குளிர்பெட்டிக்குள் போக வேண்டும்.

பிறகு துணி. நைந்த பருத்தி வேட்டித் துண்டை வெந்நீரில் அலசி, பிழிந்து, வடிதட்டின் மேல் விரித்து, தயிரை அதில் கொட்டி, அடியில் பாத்திரம் வைத்துக் குளிர்பெட்டியில் நாலு மணி முதல் ஆறு மணி நேரம் விட வேண்டும். தயிரைக் கரண்டியால் கலக்காமல் அப்படியே சரிக்க வேண்டும். கலக்கினால் திப்பியும் துணி வழியே போகும். அவசரப்பட்டுப் பிழிவதும் கூடாது. ஒரு லிட்டர் பாலுக்கு 400 கிராம் அளவுக்கு வெண்ணெய் போன்ற தயிர் துணியில் நிற்கும். சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு மூன்று, நான்கு கிராம் புரதம் என்றால் இதில் அது இரு மடங்குக்கும் மேல். பால்சர்க்கரையில் கணிசமான பகுதி நீரோடு போய்விடுகிறது. சுண்ணாம்புச் சத்திலும் ஒரு பங்கு அப்படிப் போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் வடிந்த நீரைக் கீழே கொட்டுவது பெரிய தவறு.

சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டங்கள் இந்த மாவட்டத்துக்குச் சொந்தம். மெருகு பூசாத மண்சட்டியில் பாலை உறையவிட்டால் சட்டியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். துணிக்குப் போகும் முன்பே வேலையில் ஒரு பங்கு முடிந்துவிடும். இலங்கையில் மட்டக்களப்பு எருமைத் தயிரைச் சட்டியோடு கவிழ்த்தாலும் விழாது என்று பெருமை பேசுவதற்கு எருமைப்பாலோடு மண்சட்டியும் காரணம். காரைக்குடிக்கு வரும் சுற்றுலாப் பயணி ஆத்தங்குடிக் கல்லைப் பார்க்கிறார், கண்டாங்கிச் சேலையைப் பார்க்கிறார். மானாமதுரைச் சட்டியில் உறைந்த தயிரை அவர் முன் வைக்கும் விடுதி எத்தனை இருக்கிறது? பிளாஸ்டிக் கிண்ணத்தில் பாக்கெட் தயிர் வைத்துவிட்டுப் பாரம்பரியம் பேசுவது பொருந்தாது.

அடுத்தது வெள்ளரிக்காய். இமயமலை அடிவாரத்தில் பிறந்து மேற்கே போன காய் இது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். அதை அப்படியே துருவிப் போட்டால், ஆறு மணி நேரம் காத்திருந்து வடித்த தயிர் அரை மணி நேரத்தில் மோராகிவிடும். நடுத்தர அளவில் ஒரு வெள்ளரிக்காயை எடுத்து, காம்புப் பக்கத்தை நறுக்கித் தள்ள வேண்டும். கசப்பைத் தரும் பொருள் அந்த முனையில்தான் அதிகம். ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பார்த்து, கசந்தால் வேறு காயை எடுப்பதே புத்திசாலித்தனம். முற்றிய காயென்றால் விதையையும் வழித்தெடுத்துவிட்டுத் துருவி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி இருபது நிமிடம் வைத்தால் நீர் தானாக வெளியேறும். துணியில் போட்டுக் கைவலிக்கப் பிழிய வேண்டும். பெரும்பாலோர் தோற்கும் இடம் இதுதான்: தயிரை வடிப்பார்கள், காயைப் பிழியமாட்டார்கள். பிஞ்சு வெள்ளரி கிடைக்கும் கோடைக்காலத்தில் தோலோடு துருவினால் பச்சை நிறமும் கிடைக்கும், கடிபடவும் செய்யும்.

இந்த நாட்டின் வெள்ளரியை வெளிநாட்டார் எப்படி மதிக்கிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு. 2020-21இல் இந்தியா 2,23,515 டன் வெள்ளரியையும் கெர்க்கின் என்ற ஊறுகாய் வெள்ளரியையும் ஏற்றுமதி செய்து 22 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. உலகிலேயே அதிக கெர்க்கின் ஏற்றுமதி செய்யும் நாடு இது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவித்தது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானாவின் சிறு விவசாயிகள் விளைவித்துத் தருவது அது. வினிகரில் ஊறிப் பாட்டிலில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. உள்ளூரிலோ வெள்ளரி என்றால் பேருந்து நிலையத்தில் மிளகாய்த்தூள் தடவிய கீற்று என்ற அளவில்தான் நிற்கிறது. ஒவ்வொரு கிரில் கடையும் நாளுக்குச் சில கிலோ வெள்ளரி வாங்கத் தொடங்கினால், பக்கத்துத் தோட்டக்காரருக்கு அது நிலையான வரும்படி.

பூண்டுக்கும் தொலைவு போக வேண்டாம். பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தையிலிருந்து வருவதும் ஆகும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு காரமும் மணமும் கூடியது. அதில் இரண்டு பல் போட வேண்டிய இடத்தில் ஒன்று போதும். பல்லை நறுக்காமல், உப்புச் சேர்த்து இடிகல்லில் விழுதாக நசுக்க வேண்டும். பூண்டு நசுங்கும்போதுதான் அதன் நொதி வேலை செய்து காரநெடி தரும் அல்லிசின் உண்டாகிறது. நசுக்கிய நேரம் ஆக ஆக நெடி ஏறும். பிள்ளைகளுக்குக் காட்டமாக இருக்கும் என்று தோன்றினால், நசுக்கும்போதே ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை விட்டுவிடலாம். புளிப்பில் அந்த நொதி மட்டுப்பட்டுவிடும். பூண்டுக் குழம்புக்கு உரித்துக் குவித்துப் பழகிய செட்டிநாட்டுச் சமையற்காரருக்கு ஒரு எச்சரிக்கை: இங்கே பூண்டு பச்சையாகச் சேர்கிறது, வதங்குவதில்லை. 400 கிராம் தயிருக்கு இரண்டு சின்னப் பல்லுக்கு மேல் போனால் மற்ற எதுவும் தெரியாது.

எண்ணெய் விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். ஆலிவ் எண்ணெய் இருந்தால் ஒரு மேசைக்கரண்டி. மத்தியதரைக்கடல் எண்ணெயும் மதுவும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழகக் கரைக்கு வந்தவை. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த சாடி உடைசல்களில் கிரேக்கத்தின் கோஸ் தீவு வகைகூட உண்டு. இருந்தாலும் மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் வீட்டில் இருக்கும்போது அதை ஒதுக்கிவிட்டுக் கடைக்கு ஓடத் தேவையில்லை. நல்லெண்ணெயின் மணம் பூண்டோடு நன்றாகவே சேரும். அதில் சுவை கொஞ்சம் மாறும் என்பது உண்மை, மாறட்டும். சதகுப்பை இலை நம் சந்தையில் அரிது, புதினா போதும். வீட்டுத் தயிரில் பலவகைக் கிருமிகள் சேர்ந்து உறையவைப்பதால் இயல்பாகவே புளிப்பு கூடியிருக்கும். ஆகவே எலுமிச்சையையும் வினிகரையும் ருசி பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் கரண்டியால் மெதுவாகக் கலந்து, ஒரு மணி நேரம் குளிரவைத்தால் பூண்டு தயிருக்குள் இறங்கிவிடும். மிக்ஸியில் அடித்தால் தயிர் இளகும். தாளிப்பும் வேண்டாம். கடுகும் கறிவேப்பிலையும் போட்டால் அது பச்சடியாகும். பச்சடி நல்ல பண்டம், ஆனால் இந்த இடத்தில் கேட்பது வேறு.

வடிந்த நீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கிலோ கிரேக்கத் தயிருக்கு ஆலைகள் மூன்று கிலோ பால் வரை செலவிடுகின்றன. மிச்சமாகும் புளிப்பு நீர் அமெரிக்காவில் பெரிய தலைவலி. ஆற்றில் விட்டால் நீரின் உயிர்வளியை உறிஞ்சி மீனைக் கொல்லும். அதனால் மாட்டுத் தீவனத்தோடும் வயலுக்கும் எரிவாயுக் கலனுக்கும் அனுப்புகிறார்கள். தமிழ் வீட்டில் அது பிரச்சினையே அல்ல. மோர்க்குழம்புக்கு ஊற்றலாம். சப்பாத்தி மாவு பிசையலாம். உப்பும் பெருங்காயமும் இஞ்சியும் தட்டிப் போட்டால் வெயிலுக்குக் குடிக்கலாம். கோழியை ஊறவைத்தால் கறி மெத்தென்று வேகும்.

மறுப்புகள் வரும். முதலாவது, தயிரும் கெட்டுப்போகும் பொருள்தானே என்பது. ஆம், எனவே சில விதிகளில் விட்டுக்கொடுக்கக் கூடாது. காய்ச்சிய பாலில் மட்டும் உறை ஊற்ற வேண்டும். துணியும் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். செய்ததை எப்போதும் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு, மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டும். மேசையில் வெளியே நின்ற மிச்சத்தைத் திரும்பப் பழைய பாத்திரத்தில் கொட்டக் கூடாது. ஆனாலும் பச்சை முட்டைக்கும் இதற்கும் ஒப்பீடே கிடையாது. காய்ச்சிய பாலில் கிருமி செத்துவிடுகிறது; புளிப்பேறிய தயிரில் நோய்க்கிருமி எளிதில் பெருக முடியாது; கெடத் தொடங்கினால் பெரும்பாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும். சால்மோனெல்லா கலந்த மயோனைஸ் நிறத்தாலும் மணத்தாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

இரண்டாவது மறுப்பு கடைக்காரருடையது: செலவு அதிகம், நேரம் அதிகம். நேரம் என்பது துணி தொங்கும் நேரம், ஆள் நிற்கும் நேரம் அல்ல. இரவு கடை மூடும்போது தயிரைக் கட்டினால் மறுநாள் மத்தியானத்துக்குள் தயார். மலிவு எண்ணெயில் அடித்த மயோனைஸைவிடச் செலவு கூடுமென்றால் ஒரு பிளேட்டுக்குச் சில ரூபாய் கூடும். பிள்ளைக்கு ஷவர்மா வாங்கித் தரும் பெற்றோர் அந்தச் சில ரூபாயைக் கொடுப்பார்கள், ‘வீட்டுத் தயிர்’ என்று பலகையில் எழுதி வைத்தால் விரும்பியே கொடுப்பார்கள்.

மூன்றாவது, ருசி பிடிக்குமா என்ற சந்தேகம். கடையிலிருந்து தொடங்காமல் வீட்டிலிருந்து தொடங்குவதற்கு இதுவே காரணம். ஞாயிற்றுக்கிழமைக் கோழி வறுவலுக்கும், மசாலாச் சீயத்துக்கும், வாழைக்காய் வறுவலுக்கும் பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்துப் பார்க்கலாம். நாக்கு வீட்டில் பழகிவிட்டால் கடையில் அதையே கேட்கும்.

உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இன்னதைச் செய்யாதே என்ற சுற்றறிக்கை கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதோடு, மாற்றாக என்ன செய்யலாம் என்பதையும் வட்டாரந்தோறும் கடைக்காரர்களையும் சமையல் மாஸ்டர்களையும் கூட்டி ஒரு நாள் செய்து காட்டலாம். ஆவினும் கட்டுப்படியாகும் விலையில் வடித்த தயிரைப் பெரிய டப்பாவில் கடைகளுக்குத் தரலாம். அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் வீடுகளுக்கு இல்லை. சனிக்கிழமை இரவு ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி உறை ஊற்றுங்கள். ஞாயிறு காலையில் துணியில் கட்டுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் கையிலேயே வெள்ளரியைக் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள்.